ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அருளப்பநத்தத்தில் பெரியநாயகசாமியைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் நல்ல வார்த்தைதான் வரும். பொய் பேசமாட்டார், குடிக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடமாட்டார் என்பார்கள். பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள். அவரோடு சேர்ந்து சிரித்த கதை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் ஊரே மோட்டுவளையைப் பார்க்கும். நல்ல மனிதர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லவராக இருப்பதற்கு அவர் கூலி எதிர்பார்த்தார். அதுவும் அடுத்தவனுக்குக் கிடைக்காத கூலி. வம்பு அங்கேதான் இருந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில் இருக்கிறது அந்த ஊர். பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், பாதிப் பேர் இந்துக்கள், எல்லோருக்கும் ஒரே வாய்க்கால். காவிரி மேட்டூர் அணையிலிருந்து புறப்பட்டு, வழியில் இருக்கிற மாவட்டங்களையெல்லாம் குளிப்பாட்டிவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் கடைசியில் எட்டிப்பார்க்கிற கடைமடை அது. போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும், பயிருக்கு ஆகாது. ஆகவே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நாள்தான் அங்கே திருநாள். அன்றைக்கு என்ன கிழமை என்று யாரும் பார்ப்பதில்லை, பெரியநாயகசாமி ஒருவரைத் தவிர.

அவர் பார்ப்பார். ஆண்டவருடைய நாளில் வேலை செய்யக்கூடாது என்பது கட்டளை. அவருடைய அப்பாகூட அவசரம் என்றால் பூசை முடிந்து வந்து, ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, உடைந்த வரப்பை அடைத்தவர்தான். மகன் அப்படியில்லை. நாற்று காய்ந்தாலும் சரி, களத்தில் நெல் கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளுத்த வேட்டியோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்று வேடிக்கை பார்ப்பார். ஒரு வருடம் களத்து நெல் முழுக்க நனைந்து முளைவிட்டது. அவர் மனைவி விண்ணரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரோ கோயில் வாசலில் நின்று, போனால் போகட்டும், கட்டளைதான் முக்கியம் என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். உள்ளூர அவருக்குச் சந்தோஷம்கூட இருந்தது. இழப்பு பெரிதாக இருந்தால் மேலே அதற்கு வரவும் பெரிதாக இருக்கும் என்று நம்பினார். இதை பக்தி என்பதா, வீம்பு என்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இந்த நம்பிக்கையைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவன் அவருடைய தம்பி ரெமிஜியஸ்.

சின்ன வயதில் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் போனார்கள். பத்துக் கட்டளையையும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பவர்களுக்கு செபமாலை பரிசு என்று சிஸ்டர் அறிவித்தார். பெரியநாயகசாமி ராப்பகலாக உருப்போட்டு, மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ரெமிஜியஸ் நாலாவது கட்டளையிலேயே தடுக்கி விழுந்து, சமாளிப்பதற்காக மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான். நல்ல குரல். சிஸ்டர் சிரித்துவிட்டார். அவனுக்கும் ஒரு செபமாலை கொடுத்தார். அதே நீல மணி, அதே சிலுவை. பெரியநாயகசாமி வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணி மணியாகப் பார்த்தார், தன்னுடையது எதிலாவது உசத்தியா என்று. இல்லை. அன்று பற்றிக்கொண்டது உமி நெருப்பு. மேலே பார்த்தால் சாம்பல்தான் தெரியும்.

வளர்ந்த பிறகு தம்பி அந்த நெருப்புக்கு விசிறி போட்டுக்கொண்டே இருந்தான். கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டப் போனான். அறுப்பு எங்கெங்கே நடக்கிறதோ அங்கங்கே போனான், அங்கங்கே குடித்தான். தரங்கம்பாடிப் பக்கம் ஓர் அறுப்புக்குப் போன இடத்தில் ஃபெபி என்கிற லூத்தரன் சபைப் பெண்ணைப் பார்த்து, வீட்டையும் கேட்காமல் பங்குச் சாமியாரையும் கேட்காமல் அவர்கள் கோயிலிலேயே தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பெரியநாயகசாமி அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. ரெமிஜியஸ் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்து கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பான். அதுவரைக்கும் அண்ணனுக்குப் பரவாயில்லை. தப்பு செய்கிறவன் வெளியே நிற்கிறான், ஒழுங்காக இருக்கிறவர் உள்ளே முன்வரிசையில் இருக்கிறார். உலகம் அதனதன் இடத்தில் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தவக்காலத்தில் அது புரண்டது. ஃபெபி என்ன சொன்னாளோ, என்ன பட்டானோ, ரெமிஜியஸ் குடியை விட்டான். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் வந்து நின்றான். அவன் சொல்லி முடித்த பிறகு சாமியார் வெளியே எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க அவனைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தையும் முறைப்படி மந்திரித்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? அந்த வருடத் திருவிழாவில் அந்தோணியார் சப்பரத்தின் முன்தண்டுக்கு ரெமிஜியஸைத் தோள் கொடுக்கச் சொன்னார்.

முன்தண்டு என்பது அந்த ஊரில் லேசான விஷயமில்லை. பெரியநாயகசாமி பல வருடமாகப் பின்தண்டில் தோள் கொடுத்தவர். முன்னால் நின்ற பெரியவர் காலமானதும் அந்த இடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். சப்பரம் தெருவெல்லாம் சுற்றி முடிகிறவரை தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். விண்ணரசி அன்று வைத்த கறிக்குழம்பில் அவர் கையே வைக்கவில்லை.

மறுநாள் நேராகச் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டார். சாமியார் இளவயதுக்காரர், கோபப்படத் தெரியாதவர்.

"அவனுக்குக் கெடச்சதுல உங்களுக்கு எதுவும் கொறையலையே, பெரியநாயகசாமி" என்றார்.

குறையவில்லை சாமி என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் வழியெல்லாம் வயிறு எரிந்தது. குறையாமல் என்ன? கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கிற பொருளுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? தான் ஒரு ஆயுள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்ததை, அவன் ஒரு சாயங்காலம் அழுதுவிட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆற்றில் போகிற தண்ணீரை அப்பா குடி ஆத்தா குடி என்பதுபோல ஆண்டவர் அள்ளி விடுகிறார் என்றால், தான் எதற்கு இவ்வளவு தூரம் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தோம்? இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

இந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் ஏமாற்றிவிட்டது. அணையிலும் தண்ணீர் அடிமட்டம். சம்பா நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிற நேரத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்தது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் பிடிக்கும், இல்லையென்றால் அத்தனையும் பதர். அரசாங்கம் கடைசியாக ஒரு முறை தண்ணீர் திறந்துவிட்டது. ஊர் கூடி, ஆளுக்கு ஒரு நாள் என்று திருவுளச்சீட்டு போட்டார்கள். தம்பி ரெமிஜியஸுக்குத் திங்கட்கிழமை விழுந்தது. அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஊரில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, ஆண்டவர் சித்தம் என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் முறை பார்க்கிற வீரையன் வந்து, எனக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை, நான் தண்ணீர் கட்டிவிடுகிறேன் என்றார். வேலைக்காரனைக்கூட அன்றைக்கு வேலை வாங்கக்கூடாது என்பதும் கட்டளையில் இருக்கிறது என்று பெரியநாயகசாமி திருப்பி அனுப்பினார். ஃபெபி வந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்கிறேன், அண்ணன் திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளட்டும் என்று தம்பி சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். அவன் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் உள்ளே இருந்தபடியே சொன்னார். விண்ணரசிதான் அவளுக்குக் காபி கொடுத்து, முகத்தைப் பார்க்க முடியாமல் வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

கடைசியில் விண்ணரசியே சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிணற்றில் மாடு விழுந்தால் கிழமை பார்த்தா தூக்குவீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பயிரும் உயிர்தான், நான் அனுமதி கொடுக்கிறேன், பாய்ச்சுங்கள் என்றார்.

பெரியநாயகசாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப இத்தன வருசமா நான் விட்டதெல்லாம், சாமி?"

சாமியார் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆண்டவர் அத உங்ககிட்ட வெலையா கேக்கல. அன்பாக் குடுத்திருந்தீங்கன்னா ஒண்ணும் வீணாப் போகல."

பெரியநாயகசாமி தலையை ஆட்டினார். அன்பாகக் கொடுத்தோமா என்று அவர் யோசிக்கவில்லை. தம்பிக்கு மன்னிப்பு கொடுத்த அதே கை இப்போது தனக்கு விதிவிலக்கு கொடுக்க வருகிறது, தன்னையும் அவன் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தப்பார்க்கிறது என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்கு அனுமதி வேண்டாம். பயிர் காயவேண்டும். ஊரில் எல்லா வயலும் பச்சையாக இருக்கும்போது தன் வயல் மட்டும் கருகி நிற்கவேண்டும், அதை ரெமிஜியஸ் தினமும் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அப்போதாவது யார் உண்மையான விசுவாசி என்று மேலே இருப்பவருக்கும் தெரியும், கீழே இருப்பவர்களுக்கும் தெரியும். விண்ணரசி சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்று அவர் நினைத்துப்பார்க்கவே இல்லை. பொறாமைக்கு வயிறு உண்டு, அடுத்தவர் வயிறு அதற்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை. கோயிலில் முன்வரிசையில் தன் இடத்தில் முழங்காலிட்டார்.

ரெமிஜியஸ் வழக்கமாகக் கடைசியில் கதவோரம் நிற்பான். பூசை தொடங்கியதும் பெரியநாயகசாமி கொஞ்சம் திரும்பிப் பார்த்தார். காணோம். பிரசங்கத்தின்போது பார்த்தார். காணோம். பெண்கள் பக்கம் ஃபெபி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசைதான்; அதை விட்டால் விட்டதுதான். பழைய குருடி கதவைத் திறடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று வருட வேஷம் இன்றோடு கலைந்தது, எங்காவது குடித்துவிட்டுக் கிடப்பான் என்று நினைத்தார். நெஞ்சில் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அந்தக் குளிர்ச்சியோடேயே போய் நாக்கை நீட்டி நன்மை அப்பத்தை வாங்கிக்கொண்டார்.

பூசை முடிந்ததும் வழக்கம்போல வயலைப் பார்க்கப் போனார். காய்ந்து கிடக்கும் பயிரைப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஆசையாகவே போனார்.

வயல் நிறையத் தண்ணீர் நின்றது. வெடிப்பெல்லாம் மூடிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தலை சாய்ந்திருந்த தாள்கள் நிமிர ஆரம்பித்திருந்தன. மடை வாயில் வைக்கோல் திரித்து, அளவாக மண் அணைத்து, பதமாகக் கட்டியிருந்தது. வரப்பில் ஒரு மண்வெட்டி கிடந்தது. வீரையன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து விவரம் சொன்னார்: தம்பிதான் இருட்டோடு வந்தாராம், மேலே வாய்க்கால் கரை உடையாமல் பார்க்கவும், இங்கே மடை பார்க்கவுமாக ஓடிக்கொண்டே இருக்கிறாராம், இப்போதும் மேலேதான் போயிருக்கிறாராம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

பெரியநாயகசாமி வரப்பில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தார். அவன் குடித்துவிட்டுக் கிடக்கவில்லை. பூசையை விட்டு, கட்டளையை மீறி, தன் வயலுக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறான். இனி இந்த நெல் விளையும். விளைந்த நெல்லைப் பார்க்கிறவன் எல்லாம் ரெமிஜியஸ் பேரைச் சொல்வான். அவன் செய்த பாவத்துக்கும் சாமியார் சிரித்துக்கொண்டே மன்னிப்பு கொடுப்பார். ஒரு ஆயுள் முழுக்க இழந்து இழந்து கட்டிய கோட்டையில், கடைசியாகத் தனக்கென்று இருந்த இந்த ஓர் இழப்பையும் பிடுங்கிக்கொண்டான். உமிக்குள் கிடந்தது குப்பென்று பிடித்துக்கொண்டது.

வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டினார். வரப்பில் கிடந்த தம்பியின் மண்வெட்டியை எடுத்தார். பக்கத்து வயல் தம்பியுடையது, அந்தப் பக்கம் வெட்டினால் தண்ணீர் அவனுக்குப் போய்விடும். அந்த வெறியிலும் அது ஞாபகம் இருந்தது. கிழக்கே வடிகால் பக்கம் போய் ஓங்கி வரப்பில் போட்டார். இரண்டு வெட்டு, மூன்று வெட்டு. வரப்பு வாய் பிளந்தது. தண்ணீர் பயிரின் காலடியிலிருந்து திரும்பி, வடிகாலில் விழுந்து கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. அவர் இன்னும் அகலமாக வெட்டினார்.

கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் சாலையில் அப்படியே நின்றுவிட்டது. விண்ணரசி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியநாயகசாமி ஞாயிற்றுக்கிழமையில் மண் வெட்டுகிறார் என்பதை நம்பவே அவர்களுக்கு நேரம் பிடித்தது.

வாய்க்கால் கரையில் ரெமிஜியஸ் ஓடி வந்தான். தண்ணீர் போகிற பக்கத்தைப் பார்த்தான், அண்ணன் கையைப் பார்த்தான். நேரே உடைப்பில் இறங்கி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்று, கையால் சேற்றை வாரி வாரி அடைத்தான். நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிச் சுருட்டி அதையும் வைத்து அணைத்தான். மண்வெட்டி அவன் தலைக்கு நேரே மேலே, அண்ணன் கையில் இருந்தது.

"நான் எதுக்கு வெட்டுனேன்னு தெரியுமாடா ஒனக்கு?" என்று பெரியநாயகசாமி கேட்டார்.

"தெரியும்ணே." அவன் நிமிரவில்லை.

"தெரிஞ்சுமா அடைக்கிறே?"

"நெல்லு என்னண்ணே பண்ணுச்சு?"

தண்ணீர் அவன் முழங்காலைச் சுற்றிக்கொண்டு இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது. கையால் மட்டும் அடைபடுகிற உடைப்பு இல்லை அது. ரெமிஜியஸ் சேற்றுக் கையை மேலே நீட்டினான்.

"மம்பட்டிய இங்க குடுங்கண்ணே. இன்னிக்கு நீங்க தொடக்கூடாது. இது என்னோட போகட்டும்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் பெரியநாயகசாமி தாங்கியிருப்பார், பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அண்ணனுடைய சுத்தம் கெட்டுவிடக்கூடாதே என்று அவன் உண்மையாகவே கவலைப்பட்டான். அது முகத்தில் தெரிந்தது. பெரியநாயகசாமி தன் கையைப் பார்த்தார். நாற்று காய்ந்தபோது எடுக்காத மண்வெட்டி, களத்து நெல் முளைவிட்டபோது எடுக்காத மண்வெட்டி. பயிரைக் காப்பாற்ற ஒரு நாளும் தொடாததை, பயிரைச் சாகடிக்க எடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரல்கள் தானாகத் தளர்ந்தன. தம்பி அதை வாங்கிக்கொண்டு, குனிந்து, நல்ல மண்ணாகப் பார்த்து வெட்டி உடைப்பை மூடினான். பெரியநாயகசாமி சேறு படிந்த வேட்டியோடு, கூட்டத்தின் நடுவே வழி விட்டவர்களைப் பார்க்காமல், வீட்டுக்கு நடந்தார். விண்ணரசி பின்னாலேயே போனாள்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. விண்ணரசி சோறு போட்டால் சாப்பிட்டார். வேட்டியில் சேற்றுக் கறை போகவில்லை என்று அவள் சொன்னபோது, கிடக்கட்டும் என்றார். தம்பி மேல் இருந்த எரிச்சல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. சேற்றில் நின்றுகொண்டு அவனால் அப்படிச் சொல்ல முடிந்ததே என்று அதற்கும் சேர்த்துத்தான் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை எரிவது எங்கே என்று அவருக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தார். பெரியநாயகசாமி மாதம் தவறாமல் போகிறவர்தான். செபத்தில் பராக்கு, விண்ணரசியிடம் ஒரு கோப வார்த்தை, அவ்வளவுதான் இருக்கும். முழங்காலிட்ட சூடு ஆறுவதற்குள் எழுந்துவிடுவார். அன்றும் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் ரெமிஜியஸ் நின்றுகொண்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமை பூசை காணாத பாவத்தைச் சொல்ல. அண்ணனைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டான்.

"நீங்க மொதல்ல போங்கண்ணே."

பெரியநாயகசாமி அவன் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"நீ போடா. எனக்கு ரொம்ப நேரமாகும்."